கேள் என்றால் இரண்டு பொருள்!



காலை ஏழே காலுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து நெல்லைக்கு வருகிற பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். கருங்குளத்தில் உட்கார இடம் இருக்காது. செய்துங்கநல்லூரில் நிற்கவும் இடம் இருக்காது. ஆனால் பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இருக்காது! காரணம் உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் காதில் ஹெட்போன். பாளையங்கோட்டை வரும்வரை யாரும் யாரையும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

"சரி, கேக்கான். கேட்டுட்டுப் போட்டுமே... உனக்கு என்னல?" என்கிறீர்களா? நானும் அந்த பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்தவன்தான். ஒருநாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக வர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். வருடத்துக்கு 180 நாள் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், மூன்று வருடத்தில் 1080 மணி நேரம்! அந்த 1080 மணி நேரமும் ஒரே பத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே போய்விடுமா? அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இங்கே முதல் வருடம் வந்து உட்கார்ந்ததும், வகுப்பில் நடப்பது எதுவும் தலைக்குள் ஏறவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தில் இருபது சொல் தெரியாது. வைவாவில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றேன். முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது இரண்டு அரியர். நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான், வெளியில் சொல்வதில்லை... அவ்வளவுதான்!

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் இருந்தது. அது எங்கள் ஆச்சி. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நெற்பயிருக்கு எந்த நோய் எப்போது வரும், இலங்கையில் என்ன நடந்தது, நிலவில் மனிதன் எப்படி இறங்கினான் என்று எல்லாம் சொல்லுவாள். எங்கே படித்தாள்? தாத்தா வாங்கி வைத்துவிட்டுப் போன ஒரு பழைய டிரான்சிஸ்டரில்தான்!

நம்ம திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. 1197 கிலோ ஹெர்ட்ஸ். (எங்கள் துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதைப் பிடிக்க உள்ளே இருக்கிற ஆஸிலேட்டர் 455 கூட்டி 1652-இல் ஓட வேண்டும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த அந்தக் கணக்கு, ஆச்சியின் டிரான்சிஸ்டரைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது!) அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயம் படித்த மனிதர். பின்னால் சென்னைக்குப் போய், 'இன்று ஒரு தகவல்' என்று தினமும் காலையில் சில நிமிடம் பேசினார். ஒரு தகவல், ஒரு குட்டிக் கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. 2009-இல் அவர் மறைந்தார். இன்றைக்கும் அந்தக் குரலை ஞாபகம் வைத்திருக்கிற டீக்கடைகள் நம் ஊரில் உண்டு.

கடல் தாண்டி வந்த குரல்களும் இருந்தன. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே தென்கோடியில் உண்டு. லண்டனில் இருந்து பி.பி.சி. தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை, 76 ஆண்டு வானொலியில் ஒலித்தது. கயத்தாறிலும் களக்காட்டிலும் இருந்தவர்கள் லண்டன் குரலைக் கேட்டு உலகச் செய்தி பேசினார்கள்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1960-களில் ஏ.டி.டி.-27 என்ற புது நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியது. வானொலியில் கேட்டுத்தான் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அதனால் அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! காதில் விழுந்த சொல் வயலில் முளைத்தது. கேட்பதற்கு அவ்வளவு வலிமை உண்டு, நண்பர்களே!

நம் முன்னோர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். திருக்குறளில் 40-ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. இந்த வரிசையை எண்ணிப் பாருங்கள்! கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டிருக்கிறார் வள்ளுவர். அந்தப் பாலத்தின் பெயர் கேள்வி. படிக்காமல் போனவனும் கேட்கட்டும், தளரும்போது அது கைத்தடி போல உதவும் என்பது அவர் கருத்து. என் ஆச்சியும் அந்தப் பாலத்தில் நடந்து போனவள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காது கொடுத்துக் கேள் என்பது ஒன்று. வாய் திறந்து கேள் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததுதான் கேள்வி. காதில் வாங்கிவிட்டுக் கேள்வி கேட்காதவன் பாதிதான் கேட்டிருக்கிறான்!

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். முன்னால் இருப்பவர் கதை சொல்லுவார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், நடுவில் புகுந்து "அது எப்படி?" என்றும் கேட்பார். அந்த 'ஆமா'வும் 'எப்படி'யும் இல்லாவிட்டால் கதை நகருமா? நம் மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லுப்பாட்டுக்காக 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் ஐயாவின் மேடையிலும் இந்த இரண்டு குரலும் இருந்தன. ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியிலும் இதே கதைதான். வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடி உட்காருவார்கள். ஒருவர் கம்பன் பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள், ரசிப்பார்கள், விவாதிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெல்லையில் நடந்த இந்தக் கூட்டம் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. கட்டணம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது... காது மட்டும் போதும்!

சரி, இன்றைக்கு நமக்கு என்ன இருக்கிறது? பாட்காஸ்ட் இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாத ரேடியோ, அவ்வளவுதான்! வேண்டும்போது கேட்கலாம், நிறுத்தலாம், புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்கலாம். ஆச்சிக்குக் கிடைக்காத வசதி இது. அவள் ஒருதடவை தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

கேட்டுப் பார்த்து, நமக்கு உதவும் என்று பட்டவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் தமிழில் தொடங்குங்கள். தீபிகா அருண் நடத்தும் 'கதை ஓசை'யில் தமிழ்க் கதைகளும் நாவல்களும் வாசிக்கப்படுகின்றன. தடித்த புத்தகத்தைப் பார்த்தால் தூக்கம் வருகிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். எஸ். ராமகிருஷ்ணன் உலக இலக்கியம் பற்றி ஆற்றிய உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. டால்ஸ்டாய் யார், தாஸ்தாயெவ்ஸ்கி யார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் போலச் சொல்லுவார். இலக்கியக் கூட்டங்களைப் பதிவு செய்து போடுகிற ஸ்ருதி டிவியும் உண்டு. ஆகாசவாணி நிலையங்களை 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் போனிலேயே கேட்கலாம்.

அடுத்தது ஆங்கிலம். ஓடாதீர்கள்! சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு '99 பர்சென்ட் இன்விசிபிள்'. 2010-இல் ரோமன் மார்ஸ் என்பவர் தொடங்கியது. நாம் தினமும் பார்த்தும் கவனிக்காத கட்டடம், பாலம், பொருள்களைப் பற்றிய நிகழ்ச்சி. அதில் நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடம் பற்றி ஒரு பகுதி உண்டு. 59 மாடி. 1977-இல் கட்டி முடித்தார்கள். தூண்கள் நான்கு மூலையில் இல்லை, நான்கு பக்கத்தின் நடுவில்! அடுத்த வருடம் ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி வடிவமைத்த பொறியாளர் லெமெசூரியருக்கு வந்தது. அவர் மறுபடியும் கணக்குப் போட்டார். நேராக அடிக்கும் காற்றைத் தாங்கும், மூலைவாக்கில் அடித்தால் பாரம் கூடும். அதோடு, வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளில் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. பெரும்புயல் வந்தால் கட்டடமே விழலாம்! பிறகு ராத்திரி ராத்திரியாக இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். ஊருக்கு 1995 வரை தெரியாது. மறைத்தது சரியா, தப்பா? அதை நீங்கள் விவாதியுங்கள். எனக்குப் பட்டது ஒன்றுதான்... மாணவனின் கேள்விக்கு அவ்வளவு பெரிய கட்டடமும் பதில் சொல்லியே ஆக வேண்டும்!

கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு '13 மினிட்ஸ் டு தி மூன்'. நிலவில் இறங்கிய 50-ஆம் ஆண்டை ஒட்டி 2019-இல் பி.பி.சி. வெளியிட்டது. அப்பல்லோ 11 கீழே இறங்கிய கடைசி 13 நிமிடத்தை விரித்துச் சொல்கிறார்கள். 1969 ஜூலை 20. இறங்கிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரில் '1202' என்று அபாய எண் வருகிறது. இறங்குவதா, திரும்புவதா? தரையில் இருந்த ஜாக் கார்மன் என்ற இளைஞர், கையால் எழுதி வைத்திருந்த அபாய எண் பட்டியலைப் பார்த்து, பயமில்லை, இறங்கலாம் என்றார். வயது 24! அந்தப் பட்டியல் எப்படி வந்தது? சில வாரம் முன்னால் நடந்த ஒத்திகையில் இது போன்ற எண் வந்து, தேவையில்லாமல் பயணத்தை நிறுத்தித் தோற்றிருந்தார்கள். தோற்றதை ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். லேபில் ஒரு ரீடிங் தப்பாக வந்தால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பி அடிக்கிற நமக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

தவறுகளில் இருந்து பாடம் படிக்க விரும்பினால் டிம் ஹார்ஃபோர்டின் 'காஷனரி டேல்ஸ்'. 1967-இல் இங்கிலாந்துக் கரையில் பாறையில் மோதி எண்ணெய் கொட்டிய டோரி கேன்யன் கப்பலின் கதை இதில் உண்டு. ஒரே விஷயத்தை மூன்று பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் அலசுவதைக் கேட்க, 1998-இல் தொடங்கிய பி.பி.சி.யின் 'இன் அவர் டைம்'. நம் நாட்டிலேயே, 2017-இல் தொடங்கிய அமித் வர்மாவின் 'தி ஸீன் அண்ட் தி அன்ஸீன்'. இது மணிக்கணக்காகப் போகும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்!

"அண்ணே, அவங்க பேசுற இங்கிலீஷு புரியாதே?" என்று ஜூனியர் தம்பிகள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் முதல்நாள் நாலு வார்த்தைதான் புரிந்தது. நான் செய்தது இதுதான். வேகத்தை 0.75-க்குக் குறைத்தேன். முதல் தடவை சும்மா கேட்டேன். இரண்டாம் தடவை, அவர்கள் எழுத்தில் போட்டிருப்பதை வாசித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாம் தடவை மறுபடியும் வெறும் காதால் கேட்டேன். ஒரு மாதத்தில் பாதி புரிந்தது. மூன்று மாதத்தில், வகுப்பில் வாத்தியார் சொல்வதும் புரிய ஆரம்பித்தது! இரண்டு அரியரும் அடுத்த தடவையே கிளியர். பாட்காஸ்ட் கேட்டதால் மட்டும் கிளியர் ஆனது என்று புளுகமாட்டேன். உட்கார்ந்து படித்தேன். ஆனால் ஆங்கிலத்தைக் கண்டு இருந்த பயம் போனது காதால்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காதில் விழுவதெல்லாம் நெல் இல்லை, பதரும் உண்டு. "மூணே நாளில் கோடீஸ்வரன்", "இந்த இலையைத் தின்றால் எல்லா நோயும் போகும்" என்று கத்துகிறவர்களும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? என் அளவுகோல் இரண்டு. பேசுகிறவர் தனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறாரா? கேட்டு முடித்ததும் எனக்குள் ஒரு புதுக் கேள்வி பிறந்ததா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அடுத்ததற்குப் போய்விடுவேன். அப்புறம், தயவுசெய்து ஒர்க்‌ஷாப்பிலும் ரோட்டைக் கடக்கும்போதும் ஹெட்போனைக் கழற்றுங்கள். லேத் மெஷின் பாட்காஸ்ட் கேட்காது!

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் பேனாவைப் பிடித்ததற்குக் காரணம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் மத்தியானமே கரண்ட் போயிற்று. ராத்திரி டவரும் போயிற்று. என் கையில் இருந்த போன் வெறும் டார்ச் லைட் ஆனது. எந்தப் பாட்காஸ்டும், எந்தச் செயலியும் வாய் திறக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

ஆச்சி மட்டும் பேசினாள். "எய்யா, தொண்ணூத்திரெண்டுலயும் இப்படித்தான் பேஞ்சுது. தண்ணி கோயில் மூணாம் படியத் தாண்டிட்டுன்னா, பொறவு தெருவுக்கு வர நேரம் ஆகாது. ஓடிப் போயிப் படியப் பாத்துட்டு வா." அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். மூன்றாம் படி முழுகியிருந்தது! அந்த இருட்டிலேயே ஆச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்குப் போனோம். தெருவில் இன்னும் நாலு வீட்டுக்காரர்களைத் தட்டி எழுப்பினோம். விடியும்போது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆடு போயிற்று, அரிசி போயிற்று, டிரான்சிஸ்டரும் போயிற்று... ஆள் எல்லாம் இருந்தோம்.

1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படியில் இருந்தது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆச்சியின் நாக்கில் இருந்தது. நாங்கள் கேட்டோம், பிழைத்தோம்.

போன ஆடியில் ஆச்சி தவறிவிட்டாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் போனை எடுத்துத் தேடினேன். முன்னூறு பாட்டு இருந்தது. நாற்பது பாட்காஸ்ட் இருந்தது. ஆச்சியின் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. உலகத்தையெல்லாம் கேட்டவன், வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது, நண்பர்களே!

ஆகவே என் கருத்து இதுதான். நாம் கேட்க வேண்டிய நல்ல பாட்காஸ்டுகளில் பாதி இன்னும் உருவாகவே இல்லை. அவற்றை உருவாக்க வேண்டியவர்கள் நாம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற அம்மாவிடம், சாயம் எப்படி ஏற்றுகிறீர்கள் என்று யார் கேட்டோம்? கன்னடியன் கால்வாயில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவரிடம், மீட்டர் இல்லாமல் தண்ணீரை எப்படிப் பங்கு வைத்தீர்கள் என்று சிவில் மாணவர்கள் கேட்டதுண்டா? ஸ்பானரைத் தட்டிப் பார்த்து சத்தத்திலேயே இன்ஜின் கோளாறைச் சொல்கிற பழைய மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறாரே, அவர் காதில் இருக்கும் பாடம் எந்த சிலபஸில் இருக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் 90.4 மெகா ஹெர்ட்ஸில் சமுதாய வானொலி தொடங்கினார்கள். நாட்டிலேயே முதல் வளாக வானொலி அதுதான். அதற்கு லைசென்ஸ் வேண்டும், டவர் வேண்டும். நமக்கு இன்றைக்கு அதுவும் வேண்டாம். பையில் இருக்கிற போன் போதும்.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று: வாரம் ஒருநாள் மாலை, கடைசி ஹவர் முடிந்ததும், ஒரு வகுப்பறையில் ஒரு ஸ்பீக்கர் வைத்து அரைமணி நேரம் எல்லோரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி கேட்போம், அரைமணி நேரம் சண்டை போடுவோம். தனித்தனி ஹெட்போனில் கேட்பதைவிட நம் வட்டத்தொட்டி முறை மேலானது! இரண்டு: ஒவ்வொரு மாணவரும் வருடத்துக்கு ஒரு குரலையாவது, அவர்களுடைய சம்மதத்தோடு, பதிவு செய்து பேரவையில் கொடுக்கட்டும். மூன்று: அடுத்த வருட மலரில் கவிதைக்கும் கட்டுரைக்கும் பக்கத்தில் அந்தக் குரல்களின் பட்டியலும் இடம்பெறட்டும்.

இதைப் படிக்கிற நண்பரே, தோழியே! உங்கள் வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ இருக்கிறார்களா? இந்த வார லீவுக்கு ஊருக்குப் போனதும் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டிங் பட்டனை அமுக்குங்கள். "ஆச்சி, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள்.

பிறகு, அவள் சொல்வதைக் கேளுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் துறை